தனி ஆவர்த்தனமும் வாழைப்பூ வடையும்

தனி ஆவர்த்தனம் என்றால் என்ன என்று தங்கபுஷ்பத்தைக் கேட்டால், "எண்ணெய் காய வேண்டிய நேரம்" என்பாள். பதினெட்டு வருஷமாக சபா கேன்டீன் நடத்துகிறவள் சொல்கிறாள், சும்மா இல்லை.

கச்சேரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடலாம். பாட்டுக் கச்சேரியில் பெரிய உருப்படி என்று ஒன்று வரும். பாடகி அதை முக்கால் மணி நேரம் பாடித் தீர்த்துவிட்டு, மிருதங்கத்தைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடிக்க ஆரம்பிப்பாள். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிடுவார். அப்புறம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மிருதங்கம் மட்டும்தான். அதுதான் தனி. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மிருதங்கக்காரருக்கென்று இருக்கும் சொந்த நேரம் அது ஒன்றுதான். மிச்ச நேரமெல்லாம் அடுத்தவர் பாட்டுக்கு வாசிக்கிற வேலை. ஆனால் நம் சென்னை ரசிகர்கள் இருக்கிறார்களே, அந்த மகா ஜனங்கள், இதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மிருதங்கத்தில் முதல் கை விழுந்ததோ இல்லையோ, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். கேட்டால், "தனிதானே, வந்துடலாம்" என்பார்கள். யாரும் வரமாட்டார்கள்.

ராஜா அண்ணாமலைபுரம் கானவிலாச சபாவின் பின்பக்கம் பந்தல் போட்டு, டிசம்பர் முழுக்கத் தங்கபுஷ்பத்தின் கேன்டீன் நடக்கும். டோக்கன் மேஜையில் புருஷன் அய்யாதுரை. அடுப்படியில் மாஸ்டர் வேலு. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து, தி.நகரில் சொந்தக்காரர் பாத்திரக்கடையில் நின்று, பிறகு கல்யாணச் சமையலில் இறங்கி, இங்கே வந்து சேர்ந்த குடும்பம். சங்கீதத்துக்கும் தங்கபுஷ்பத்துக்கும் நடுவில் இருந்த ஒரே சம்பந்தம், அரங்கத்திலிருந்து ஒயர் இழுத்து அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டி. பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் கேட்டால் முதல் ஈடு வடை எண்ணெய்க்குள் போய்விட வேண்டும். ஜனம் வந்து வரிசையில் நிற்பதும், வடை மொறுமொறுவென்று தட்டில் விழுவதும் கணக்காக இருக்கும். அவள் பந்தலில் ஆறின வடையைத் தின்றவன் என்று இந்த ஊரில் ஒருத்தன் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்குத் தலைக்கு மேல் இருந்தது.

வரிசையில் எப்போதும் முதல் ஆள் கபாலி மாமா. மயிலாப்பூர் வடக்கு மாடவீதிக்காரர், பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். தாளத்தில் பழுத்த ஞானம். ஆனாலும் மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரச் சீட்டாகப் பார்த்து உட்காருவார், எதற்கென்று சொல்ல வேண்டுமா? முதல் ஆளாக எழுந்து ஓடத்தான். தட்டில் வடை விழுந்ததும் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பார். சுட்டால்தான் சாப்பிடுவார். வேறு சபாக்களில் திருப்பிக் கொடுத்துச் சண்டை பிடித்திருக்கிறார். இங்கே அந்தப் பேச்சே வந்ததில்லை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வினை வந்தது பெற்ற மகள் ரூபத்தில்.

தாரணி அந்தப் பந்தலில் வளர்ந்த பெண். ஆறு வயதில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு, ஸ்பீக்கரில் கேட்டதையெல்லாம் அதில் தட்டிக்கொண்டிருப்பாள். இட்லி சாப்பிட வந்த மிருதங்க வித்வான் வெங்கடரமணன் பாதி இட்லியோடு எழுந்துவந்து, "யார் குழந்தை இது?" என்று கேட்டதும், அடுத்த விஜயதசமிக்கு அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டதும் பழைய கதை. இப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. போன வருஷம் இதே சபாவில் மத்தியானக் கச்சேரி ஒன்றுக்கு வாசித்தாள். முடிந்து நேராகப் பந்தலுக்கு வந்தாள்.

"பதினோரு பேரும்மா," என்றாள்.

"என்னது பதினோரு பேரு?"

"என் தனிக்கு உக்காந்திருந்தவங்க. அதுல ரெண்டு பேர் தூங்கிட்டிருந்தாங்க."

"மிச்சப் பேரெல்லாம் எங்க போனாவ?"

"எங்க போனாங்களா? உன்கிட்டதாம்மா இருந்தாங்க! நான் மொத கை வைக்கிறேன், எதிர்ல எல்லாம் முதுகு. முதுகா எண்ணிட்டே வாசிச்சேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? தங்கபுஷ்பத்துக்கு அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷமாகத் தான் கொடுத்து அனுப்பிய ஒவ்வொரு வடையும், உள்ளே யாரோ ஒரு மிருதங்கக்காரருக்கு முதுகைக் காட்டிவிட்டு வந்தவர்கள் வாங்கியது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த வருஷம் சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரி. பாடுவது மயிலாப்பூர் சூடாமணி. வளர்ந்துவரும் பாடகி இல்லை, வளர்ந்தே விட்டவள். அவளே தாரணியைக் கூப்பிட்டு, "ராகம் தானம் பல்லவி பாடறேன், தனி உனக்குத் தாராளமா விடறேன்" என்று சொல்லியிருந்தாள். முந்நூறு பேராவது வருவார்கள். மந்தைவெளி வீட்டில் அன்றைக்குக் காலையில் தாரணி மிருதங்கத்தின் வாரை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இந்தத் தடவை உன் வடையை ஜெயிக்கணும்மா."

"நீ எதுக்கு ஜெயிக்கணும்? நான் இன்னைக்கு அடுப்பையே பத்த வைக்கல. போதுமா?"

தாரணி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். முகம் மாறிவிட்டது. "அந்த வேலையெல்லாம் வேணாம். கடை மூடியிருந்து ஜனங்க உக்காந்திருந்தா, அது போக இடமில்லாம உக்காந்திருக்கிறது. எப்பவும் போல வாழைப்பூ வடை போடு. எப்பவும் போலத் தனியில போடு. சூடா போடு. சத்தியம் பண்ணு."

"ஏட்டி, இதுக்கெல்லாமா சத்தியம் கேப்பாவ?"

"பண்ணும்மா."

தங்கபுஷ்பம் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு மத்தியானம் வரை தவியாய்த் தவித்தாள். இரண்டு மணி வாக்கில், வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையைப் பார்த்து அவளே அசந்துபோனாள். வடை போடுவதாகத்தானே சத்தியம்? அதற்கு முன்னாலேயே வயிற்றை நிரப்பி அனுப்பக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லையே!

ஐந்து மணிக்குப் பந்தல் வாசலில் பலகை தொங்கியது: 'இன்று ரசிகர்களுக்கு ரவா கேசரியும் சுக்கு மல்லி காபியும் அன்பளிப்பு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம்.'

அய்யாதுரை பலகையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். "ஏ புஷ்பம், உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?"

"ஆமா, பிடிச்சிருக்கு. நீங்க டோக்கனைப் பாருங்க."

வேலுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இன்னாக்கா, பாப்பாகிட்ட சத்தியம் பண்ணிக்கினு வந்து இப்டி கேம் ஆடுற?"

"சத்தியத்தை நான் எங்கல மீறினேன்? வடை உண்டு. தின்னுததுக்கு வயித்துல இடம் இருக்காது, அவ்வளவுதான். நீ கேசரியில நெய்யை நல்லா ஊத்து."

ஐந்தரைக்குள் கூட்டம் அம்மியது. சென்னையில் மார்கழிக் குளிர் என்று ஒன்று இருப்பதாக மனப்பூர்வமாக நம்பி, மங்க்கி கேப்பும் மப்ளருமாக வந்தவர்களுக்குச் சுக்கு மல்லி காபி தேவாமிர்தமாக இருந்தது. ஒரு டம்ளர் குடித்தவர்கள் இரண்டாவது வாங்கினார்கள். இரண்டு குடித்தவர்கள், "தொண்டைக்கு இதமா இருக்கே" என்று மூன்றாவது வாங்கினார்கள். பாடப்போவது என்னவோ இவர்கள்தான் போல. கேசரி அண்டா இரண்டு தடவை காலியானது. தங்கபுஷ்பம் தானே நின்று, "இன்னும் கொஞ்சம் குடிங்க, இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று கல்யாண வீட்டு மாமியாரைப் போல உபசாரம் பண்ணினாள். ஒவ்வொரு வயிறு நிறையும்போதும் அவள் நெஞ்சும் நிறைந்தது.

கபாலி மாமா மட்டும் கையை ஆட்டிவிட்டார். "நேக்கு வேண்டாம்மா. எட்டு மணி வடைக்காகக் கார்த்தாலேர்ந்து வயத்தக் காலியா வச்சிண்டிருக்கேன். ஆத்துல டிபன்கூடத் தொடல."

"ஒரு வாய் காபியாவது..."

"பேசப்படாது. வாழைப்பூதானே இன்னிக்கு?"

"வாழைப்பூதான் மாமா," என்றாள் தங்கபுஷ்பம். இந்த மனுஷனுக்கு இன்றைக்குப் பார்த்தா வைராக்கியம் வர வேண்டும் என்று உள்ளுக்குள் எரிந்தது. தாரணியைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர்தான். அதற்காக வடையை விட முடியுமா? போன வருஷமும் முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தானே. போகட்டும், ஒரு முதுகு. அதை மகள் பொறுத்துக்கொள்வாள்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. சூடாமணியின் குரல் ஸ்பீக்கர் பெட்டி வழியாக அடுப்படிக்கு வந்தது. தங்கபுஷ்பம் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த மிருதங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள். தோடியில் பல்லவி வந்தது. ஸ்வரங்கள் வந்தன. எட்டு மணி தாண்டி ஐந்தாவது நிமிஷத்தில் பாட்டு நின்றது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மிருதங்கத்தில் ஒரே ஒரு கை, நிதானமாக விழுந்தது.

"அக்கா, போட்டுறவா?" என்றான் வேலு.

"போடு."

பன்னிரண்டு வடைகள் எண்ணெய்க்குள் இறங்கின. தங்கபுஷ்பம் அரங்கத்திலிருந்து பந்தலுக்கு வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் போனது. யாரும் வரவில்லை. இரண்டு நிமிஷம். வடை பொன்னிறமாக மேலே மிதந்து வந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. மூன்று நிமிஷம் ஆனதும் அவளால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை ஆட்டிக்கொண்டு குதித்தாள்.

"ஏங்க! பாத்தீங்களா? ஒருத்தர் வரல! ஒரு குஞ்சு குளுவான் வரல!"

"அதத்தான் நானும் பாக்கேன்," என்றார் அய்யாதுரை கலக்கத்தோடு. "நானூறு வடைக்கு மாவு கரைச்சு வச்சிருக்கியே, இத யாரு திங்க?"

"நாம தின்போம்! நீ போட்டுக்கிட்டே இருல வேலு, நிறுத்தாத!"

அதுவரைக்கும் எல்லாம் சுகம். இரண்டு குடம் தண்ணீர் பிடித்துவரப் போயிருந்த எடுபிடிப் பையன் மெஹபூப் அலி, வெறுங்குடத்தோடு திரும்பி ஓடிவந்தான். "அக்கா, தண்ணி புடிக்கவே முடியலக்கா. அல்லாரும் பாத்ரூமாண்ட கீறாங்கோ! கேட்டு வரைக்கும் கியூ நிக்குது!"

வேலு அடுப்பிலிருந்து நிமிர்ந்தான். அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஐய, அக்கா! ஆளுக்கு மூணு டம்ளர் சுக்குத் தண்ணிய ஊத்தி அனுப்புனியே, அதுங்க வேற எங்க போவும்?"

தங்கபுஷ்பம் ஜல்லிக்கரண்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே ஓடினாள். சபா வராந்தாவில் ஆண்கள் வரிசை டிக்கெட் ஜன்னலைத் தாண்டி நின்றது. பெண்கள் வரிசை படிக்கட்டில் இறங்கி, செருப்பு விடுகிற இடம் வரை போயிருந்தது. எல்லாம் அவள் கையால் சுக்கு மல்லி காபி வாங்கிக் குடித்த முகங்கள். அரங்கக் கதவை ஒரு சாண் திறந்து உள்ளே பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் கச்சேரி நடக்கும்போது அவள் அந்தக் கதவைத் திறந்தது அதுவே முதல் தடவை.

பாதி நாற்காலி காலி. இன்னும் எழுந்துகொண்டிருந்தார்கள். குனிந்து, முழங்காலை இடித்துக்கொண்டு, "சாரி, சாரி" என்று முணுமுணுத்தபடி. மேடையில், மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவையில், அத்தனை பெரிய வெளிச்சத்துக்கு நடுவில் தாரணி. கைகள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. கண் மட்டும் காலி நாற்காலிகள் மேல் வரிசை வரிசையாகப் போய்வந்தது. மறுபடியும் எண்ணுகிறாள்! தங்கபுஷ்பத்துக்கு அங்கேயே அந்தக் கரண்டியால் தன் மண்டையில் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது. நாசமாய்ப் போன என் புத்தி, வடைக்கு எழாதவர்களைக்கூட நானே எழுப்பி விட்டேனே என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். ஓரச் சீட்டும் காலி. கபாலி மாமா கிளம்பிவிட்டார்.

அவர் எங்கேயும் போய்விடவில்லை. வராந்தாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். "தள்ளுங்கோய்யா! நான் இதுக்கு நிக்கலை, வடைக்குப் போயிண்டிருக்கேன். வழி விடுங்கோ!"

தங்கபுஷ்பத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "தங்கம், நீ இங்க என்ன பண்றே? வடை ஆச்சோ?"

ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷன் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் மகள் தலையில் வைத்த கை அவளுடையதுதானே? ஒரு கள்ளத்தனம் பண்ணிப் பட்டது போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சு மாமா. முதல் ஈடு ரெடி. சூடா இருக்கு, போங்க," என்றாள்.

கபாலி மாமா பந்தலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தார். வராந்தா உத்தரத்திலும் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதில் தாரணியின் வாசிப்பு அப்போது நடை மாறியது. இதுவரை நாலு நாலாக நடந்துகொண்டிருந்தது, ஐந்து ஐந்தாக விழ ஆரம்பித்தது. இடக்கைப் பக்கம் கும்கும்மென்று ஓர் ஒலி எழும்பி, தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. வரிசையில் நின்ற மங்க்கி கேப்காரர் ஒருவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் போட்டார். அவசரத்தில் நிற்கிறவர்கள் தாளம் போடுகிற அழகைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஒரு கை தாளத்துக்கு, மறு கை வயிற்றுக்கு. உள்ளே போய்விட்டு வந்தவர்கள் கையை வேட்டியில் துடைத்தபடி அரங்கக் கதவை நோக்கி அரை ஓட்டமாகப் போனார்கள். ஒரு மாமி கைப்பையைத் தோழியிடம் திணித்து, "நீ முதல்ல போய்க் கேளு, நான் வரேன்" என்று தள்ளிவிட்டாள்.

கபாலி மாமா நின்றுவிட்டார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். கை தானாக மேலே எழுந்து தாளத்தைப் பிடித்தது. தாரணி வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சத்தமில்லை. ஒரு எண்ணிக்கை போனது, இன்னொன்று போனது.

"எங்க விட்டிருக்கா பாரு," என்று முணுமுணுத்தார் மாமா. "இடத்துக்கு வரணுமே... எப்படி வரப்போறா..."

வந்தாள். பல்லவி எடுக்கிற அந்த இடத்தில், ஒரு இழை முன்னே பின்னே இல்லாமல், மூன்று கை. வராந்தா முழுக்க "ஆஹா!" என்றது.

"அடிப்பாவி!" என்று கபாலி மாமா தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். "அடிப்பாவிப் பொண்ணே!"

"மாமா," என்றாள் தங்கபுஷ்பம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும் இல்லையா? "வடை ஆறிரும் மாமா."

"ஆறட்டும்!" என்று அவர் எரிந்து விழுந்தார். "மனுஷா கேட்டுண்டிருக்கச்சே வடையாம் வடை!" காலி வயிற்றோடு திரும்பி, வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு, அரங்கத்துக்குள் போய்விட்டார்.

தங்கபுஷ்பம் நின்ற இடத்திலேயே நின்றாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தோற்றுப்போயிருந்தாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மங்க்கி கேப்காரரைப் பிடித்து, "எம்மவ! எம்மவ வாசிக்கா!" என்றாள். அவர் பாவம், "ரொம்ப சந்தோஷம்மா, கொஞ்சம் வழி விடுங்கோ" என்று உள்ளே ஓடினார்.

அவள் மறுபடி கதவைத் திறந்தபோது அரங்கத்தில் இடம் தேட வேண்டியிருந்தது. எழுந்து போனவர்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். பழைய நாற்காலிக்குப் போகப் பொறுமையில்லாமல் சுவரோரமாக நின்றார்கள். தனி நடக்கும்போது ஜனம் உள்ளே வருவதை அந்தச் சபா கண்டதில்லை; காவலாளிகூட என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். சூடாமணி பிளாஸ்கை மூடி ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து தாளம் போட்டாள். தாரணி முடிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். சூடாமணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாசி, வாசி என்று கையால் காட்டினாள். அதற்கப்புறம் தாரணி யாரையும் எண்ணவில்லை. நேராக முன்னால் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாசித்தாள். தனியை முடித்துவைக்கிற மோராவும் கோர்வையும் மூன்று தரம் சுற்றி வந்து முடிந்தபோது எழுந்த கைதட்டலில், சூடாமணி பல்லவியைத் திரும்ப எடுத்தது யாருக்கும் கேட்கவில்லை.

கடைசியில் வரும் சின்னச் சின்னத் துக்கடாக்கள் பாடி மங்களம் சொல்ல மேலும் அரை மணி ஆயிற்று. பிறகு முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் பந்தலுக்குள் புகுந்தார்கள். கேசரியெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. நல்ல பசி. மேஜை மேல் மூன்று கூடை நிறைய வாழைப்பூ வடை, வேலு நிறுத்தாமல் போட்டுத் தள்ளியது, தண்ணென்று ஆறிக் கிடந்தது.

அய்யாதுரைக்குக் கை கால் ஓடவில்லை. "புஷ்பம், மானம் போயிரும். எண்ணெய் சூடா இருக்கு, எல்லாத்தையும் ஒரு முக்கு முக்கி எடுத்துருவோம்" என்று ஒரு கூடையைத் தூக்கினார்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாரணி வந்துவிட்டாள். பட்டுப்புடவை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அவளைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் கேசரியையும் சுக்குக் காபியையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். "நான்தாம்ட்டி பாவி. நான்தான் எல்லாரையும் எழுப்பி விட்டேன்."

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "அதான் அத்தனை முதுகா! தொண்ணூத்தி ரெண்டு வரைக்கும் எண்ணினேன்மா. அதுக்கப்புறம் எண்ண முடியல. எல்லாம் முகமா வந்துச்சு." அவள் கூடையிலிருந்து ஒரு வடையை எடுத்தாள். தொட்டதும் புருவம் மேலே போனது. "அம்மா, இது ஆறிப்போயிருக்கு. உன் வடையா?"

அய்யாதுரை முதல் கூடையை எண்ணெய்ப் பக்கம் சாய்த்தார்.

"கொட்டாதீங்க!" என்று தங்கபுஷ்பம் போட்ட சத்தத்தில் பந்தலே அமைதியானது. கூடையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணையும் சூடு பண்ணக் கூடாது. ஆறினபடிக்கே குடுங்க. எம்மவ ஆற வச்ச வடை இது!"

வரிசையின் முதல் ஆள் கபாலி மாமா. தட்டில் விழுந்த வடையை அவர் விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்க்கவில்லை. பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, தட்டை மறுபடி நீட்டினார்.

"இன்னும் ரெண்டு போடு தங்கம்," என்றார். "இதே கூடையிலேர்ந்து."